சனிக்கிழமை வகுப்பில் எந்தச் சாட்சியை முதலில் வைப்பது?

கடலூர் முதுநகரில் எங்கள் பங்குக் கோயிலுக்குப் பின்னால் நீளமான ஓர் அறை இருக்கிறது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அங்கே இளைஞர்களுக்கு விவிலிய வகுப்பு எடுக்கிறேன். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். போன வாரம் வகுப்பு முடிகிற நேரத்தில், இயற்பியல் படிக்கும் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள்.

“டீச்சர், ஹாஸ்டல்ல ஃப்ரெண்ட்ஸ் கேக்கறாங்க. செத்த இயேசு உயிரோட எழுந்தார்னு நம்பறியே, அதுக்கு வரலாற்று ஆதாரம் என்ன இருக்குன்னு. நான் என்ன சொல்லட்டும்?”

மற்ற பிள்ளைகள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவள் வம்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே பதில் தேவைப்பட்டுக் கேட்கிறாள் என்று தெரிந்தது. “அடுத்த வாரம் வரைக்கும் டைம் குடும்மா” என்றேன். அந்த ஒரு வாரம் நான் எடை போட்டுப் பார்த்ததுதான் இது. பங்குகளில் மறைக்கல்வி எடுப்பவர்களுக்கும், பிள்ளைகளிடமிருந்து இதே கேள்வியைக் கேட்கும் பெற்றோருக்கும் உதவலாம் என்று எழுதுகிறேன்.

என் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. ஆதாரமே தேவையில்லை, நம்பிக்கை போதும் என்று சொல்வது ஒன்று. இன்றைக்கும் நடக்கிற புதுமைகளை, அதாவது அற்புதங்களைக் காட்டி, அன்றைக்கும் நடந்திருக்கும் என்று சொல்வது இன்னொன்று. நற்செய்திகளில் உள்ள எல்லாப் புதுமைகளையும் மொத்தமாக எடுத்துவைத்து வாதாடுவது மூன்றாவது. மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, உயிர்ப்பு என்ற ஒன்றை மட்டும், இருப்பதிலேயே பழைய சாட்சியத்தை வைத்துப் பேசுவது நான்காவது.

முதல் வழியில் என் அம்மா வாழ்ந்து முடித்தார். அவருக்கு அது போதுமாக இருந்தது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வி கேட்டு நிற்கிற பிள்ளையிடம் அதைச் சொன்னால் வாயை அடைப்பதாகத்தான் ஆகும். அதோடு, கிறிஸ்துவின் திருத்தூதரான பவுலே அந்த வழியில் போகவில்லை. கிறிஸ்து எழுப்பப்படவில்லை என்றால் நாங்கள் அறிவித்ததும் வீண், நீங்கள் நம்புவதும் வீண் என்று கொரிந்தியருக்கு எழுதிவிட்டு, யார் யார் பார்த்தார்கள் என்று பட்டியலே போடுகிறார். பட்டியல் போட்டவரிடம் பட்டியலைப் பற்றிக் கேட்பது தப்பாகாது.

இரண்டாவது வழி எங்கள் பக்கத்து மக்களுக்கு ரொம்ப நெருக்கமானது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் வில்லியனூர் லூர்து மாதா கோயிலும் அதன் குளமும் எல்லாருக்கும் தெரியும். 1877-ல் பிரான்சிலிருந்து சிலை வந்தபோது பெட்டி கீழே விழுந்தும் சிலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று வழிவழியாகச் சொல்வார்கள். என் அம்மா வருடா வருடம் போய் அந்தக் குளத்துத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து, சுரூபத்துக்குப் பின்னால் வைத்திருப்பார். மூச்சுத் திணறல் வரும்போது இரண்டு சொட்டு நாக்கில் விட்டுக்கொள்வார். ஒரு வருடம் அந்த இழுப்பு அப்படியே நின்றுவிட்டது. மாதா செய்த புதுமை என்று வேண்டுதல் செலுத்திவிட்டு வந்தார். அதே மாதம்தான் டாக்டர் மருந்தை மாற்றியிருந்தார். எங்கள் வீட்டில் அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அம்மாவின் நன்றி உண்மையானது. ஆனால் ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்திருக்கிற, நம்மை அறியாத ஒருவர் முன்னால் இதை ஆதாரம் என்று வைக்க முடியுமா? “மருந்தை மாத்தினாங்கல்ல?” என்று அவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இந்தக் கேள்வியை பிரான்சில் உள்ள லூர்து நகரத்திலேயே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பெர்நதெத் என்ற சிறுமி மாதாவைக் கண்டதாகச் சொன்னது 1858-ல். 1883-லேயே அங்கே மருத்துவர்கள் அடங்கிய பரிசோதனை அலுவலகம் ஒன்று அமைந்துவிட்டது. நோய் கடுமையானதாக, முறையாகக் கண்டறியப்பட்டதாக இருக்க வேண்டும். குணம் திடீரென்று, முழுமையாக வந்து, திரும்பாமல் நிலைக்க வேண்டும். சிகிச்சையால் வந்தது என்று சொல்ல இடம் இருக்கக் கூடாது. இத்தனையையும் தாண்ட வேண்டும். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் வந்ததில், 2018-ல் ஒரு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி குணமானதை அறிவித்தபோது அது 70-ஆவது. 160 வருடத்தில் எழுபது. அலெக்சிஸ் கரேல் என்ற மருத்துவர், பின்னால் 1912-ல் நோபல் பரிசு பெற்றவர், 1902-ல் லூர்துக்குப் போன ரயிலில் சாகக் கிடந்த ஒரு பெண்ணைப் பரிசோதித்தார். லூர்தில் சில மணி நேரத்துக்குள்ளேயே அவள் தேறியதைக் கண்ணால் பார்த்தார். அப்படி ஒருவர் பார்த்த அந்தக் குணத்தைக்கூடத் திருச்சபை தன் பட்டியலில் சேர்க்கவில்லை. உடம்பு நோயா மனம் சார்ந்ததா என்ற சந்தேகம் முழுதாகத் தீரவில்லை என்பது காரணம்.

இந்தக் கண்டிப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் முதல் சாட்சியாக வைக்க மாட்டேன். லட்சக்கணக்கான நோயாளிகள் போய்வருகிற இடத்தில், மருத்துவத்துக்கு இன்னும் புரியாத சில குணங்கள் தெரிந்துதான் தீரும். இன்றைக்குப் புரியாதது நாளைக்குப் புரியலாம். அப்புறம், 1902-ல் ஒருத்தி குணமானது 30-ஆம் ஆண்டில் எருசலேமில் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சியாகாது. புதுமை என்பது நடக்கவே முடியாதது என்ற பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்தும். அவ்வளவுதான்.

மூன்றாவது வழியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கானா ஊர்த் திருமணம், ஐயாயிரம் பேருக்கு அப்பம், கடல்மேல் நடந்தது என்று வரிசையாக அடுக்கினால் கேட்பவருக்கு மலைப்பு வரும், தெளிவு வராது. கானா நிகழ்ச்சி யோவானில் மட்டும்தான் இருக்கிறது. அப்பம் பலுகிய நிகழ்ச்சி நான்கு நற்செய்திகளிலும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. இதில் என்னைக் கவர்ந்த ஒன்று உண்டு. இயேசுவை எதிர்த்தவர்கள் அவர் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லவில்லை. பேயின் தலைவனைக் கொண்டு செய்கிறான் என்று மறைநூல் அறிஞர்கள் சொன்னதாக மாற்கு எழுதுகிறார். இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தைக் கடுமையாகத் தாக்கிய செல்சுஸ், எகிப்தில் மந்திர வித்தை கற்றவர் என்றார். யூதர்களின் சமய நூலான தால்மூதும் சூனியம் என்றுதான் சொல்கிறது. ‘இவர் கை வைத்தால் ஏதோ நடக்கிறது’ என்று அவர் காலத்து மக்கள் நினைத்தார்கள் என்பது வரை வரலாறு தைரியமாகப் போகலாம். என்ன நடந்தது என்பதை அந்த வசவுகள் சொல்லாது.

நான்காவது வழிக்குப் போவதற்கு முன்னால், எதிர்த்தரப்பின் பெரிய வக்கீலைக் கேட்காமல் போகக் கூடாது. டேவிட் ஹியூம் என்ற ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் 1748-ல் இதை எழுதினார். இயற்கையின் போக்குக்கு மனித அனுபவம் முழுவதும் சாட்சி; புதுமைக்குச் சிலருடைய வாய்மொழி மட்டும் சாட்சி. அந்தச் சிலர் பொய் சொல்வதோ ஏமாந்திருப்பதோ அந்தப் புதுமையைவிடப் பெரிய புதுமையாக இருந்தால் ஒழிய, நம்ப வேண்டியதில்லை என்றார். சரியான கேள்வி. நாமும் தினமும் இதே தராசைத்தானே வைத்திருக்கிறோம், அடுத்த தெருவில் பிள்ளையார் பால் குடித்தார் என்றதும்?

அவர் ஓர் உதாரணம் சொல்கிறார். பனியைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்பட்டு நம்ப மறுத்த ஓர் இந்திய இளவரசன். அவன் மறுத்தது நியாயம்தான் என்கிறார் ஹியூம். இதைப் படித்ததும் எனக்கு நம் ஊர்தான் கண்முன் வந்தது. அதே 1748-ல் தேவனாம்பட்டினம் டேவிட் கோட்டையில் ஆங்கிலேயர் இருந்தார்கள். ஒரு மாலுமி கரையில் இறங்கி, “எங்கள் ஊரில் குளிர்காலத்தில் தண்ணீர் கல்லாகும், அதன்மேல் நடப்போம்” என்று ஒரு மீனவரிடம் சொல்லியிருந்தால், அவர் சிரித்திருப்பார். சிரித்தது நியாயம். ஆனால் தண்ணீர் உறைவது உண்மை. பனி பழக்கத்துக்குப் புறம்பானதே தவிர, இயற்கைக்கு முரணானது இல்லை என்று ஹியூமே பிரித்துக் காட்டிச் சமாளிக்கிறார். அந்தக் கரையில் நிற்கிறவருக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? அவரிடம் இருப்பது தன் அனுபவமும் எதிரே நிற்கிறவரின் சொல்லும்தான். ஆகவே சொல்கிறவர் யார், எத்தனை பேர், ஒருவரை ஒருவர் கேட்டுச் சொல்கிறார்களா, தனித்தனியாகப் பார்த்துச் சொல்கிறார்களா என்று விசாரிக்கத்தான் வேண்டும். விசாரிக்காமலேயே தள்ளிவிடலாம் என்பதில்தான் ஹியூமோடு எனக்கு உடன்பாடு இல்லை. ரிச்சர்டு பிரைஸ் 1767-ல் எழுதிய மறுப்பும் இந்தப் பக்கம்தான் போகிறது: நடக்க வாய்ப்பே குறைவான எத்தனையோ செய்திகளை நாம் தினமும் ஒருவர் சொல்லை வைத்தே ஏற்கிறோம்.

சரி, விசாரிப்போம்.

பவுல் கொரிந்தியருக்கு முதல் கடிதம் எழுதியது ஏறக்குறைய 53 முதல் 55-ஆம் ஆண்டுக்குள். சிலுவைச் சாவுக்கும் அதற்கும் இடையில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இல்லை. பதினைந்தாம் அதிகாரத்தில், தான் பெற்றுக்கொண்டதை அப்படியே ஒப்படைத்ததாகச் சொல்லி ஒரு வாய்பாடு போல வரிகள் வருகின்றன: கிறிஸ்து இறந்தார், அடக்கம் செய்யப்பட்டார், மூன்றாம் நாள் எழுப்பப்பட்டார், கேபா என்ற பேதுருவுக்குத் தோன்றினார், பின் பன்னிருவருக்கு. தொடர்ந்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு, அவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், யாக்கோபுக்கு, கடைசியில் எனக்கும். பவுல் இதை யாரிடம் பெற்றார்? கலாத்தியருக்கு எழுதும்போது, மனம் மாறி மூன்று வருடம் கழித்து எருசலேம் போய்க் கேபாவோடு பதினைந்து நாள் தங்கினேன், ஆண்டவரின் சகோதரர் யாக்கோபையும் பார்த்தேன் என்கிறார். அதாவது பட்டியலில் உள்ள இரண்டு பேரோடு நேரில் பேசியவர்.

வரலாற்று ஆசிரியையாக இந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. பழங்காலத்து நிகழ்ச்சி ஒன்றுக்கு இவ்வளவு கிட்டத்தில், பெயர் சொல்லி, சாட்சிகளைத் தெரிந்த ஒருவரே எழுதிய வரிகள் கிடைப்பது அபூர்வம். அதிலும் பவுல் இந்த இயக்கத்தைத் துன்புறுத்தியவர். யாக்கோபு, இயேசு உயிரோடு இருந்தபோது அவரை நம்பாத குடும்பத்தைச் சேர்ந்தவர். அதே யாக்கோபு 62-ஆம் ஆண்டு எருசலேமில் கல்லெறிந்து கொல்லப்பட்டதை, கிறிஸ்தவரல்லாத யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதிவைத்திருக்கிறார்.

குறைகளையும் அதே குரலில் சொல்லியாக வேண்டும். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய தினக்குறிப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும், அன்றன்றைக்கு நாள், நேரம் போட்டு எழுதுவது எப்படி இருக்கும் என்று. எருசலேமில் அப்படி ஒரு குறிப்பு நமக்கு இல்லை. ‘தோன்றினார்’ என்ற ஒரு சொல்லோடு பவுல் நிறுத்திக்கொள்கிறார். எப்படித் தோன்றினார், என்ன பேசினார், ஒன்றும் இல்லை. ஐந்நூறு பேரைப் பற்றி வேறு எந்த ஏடும் பேசவில்லை. மீன் சாப்பிட்டது, காயத்தில் விரல் விடச் சொன்னது எல்லாம் பல பத்தாண்டு கழித்து லூக்காவிலும் யோவானிலும் வருகின்றன. மாற்குவின் மிகப் பழைய பிரதிகளில், நான்காம் நூற்றாண்டின் சீனாய், வத்திக்கான் ஏடுகளில், பெண்கள் பயந்து ஓடி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு நற்செய்தியே முடிந்துவிடுகிறது. கல்லறைக்குப் போன பெண்கள் யார் யார் என்பதில் நான்கு நற்செய்திகளும் ஒத்துப்போகவில்லை. மகதலா மரியா மட்டும் நான்கிலும் இருக்கிறார். பெண்களின் சாட்சியத்தை ஏற்கக் கூடாது என்று யோசேப்பு எழுதுகிற அந்தக் காலத்தில், கதை கட்டுகிறவன் முதல் சாட்சியாக ஒரு பெண்ணை வைத்திருப்பானா? இந்தக் கேள்வியை நான் பலமானதாகவே நினைக்கிறேன். ஆனால் பவுலின் பட்டியலில் மரியா இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிள்ளைகளிடம் ஒரு வாதத்தை மட்டும் கைவிடச் சொல்லப் போகிறேன்: “பொய் என்றால் பன்னிரண்டு பேரும் உயிரைக் கொடுத்திருப்பார்களா?” சென்னைப் பரங்கிமலையில் திருத்தூதர் தோமா இரத்தம் சிந்தினார் என்பது நம் நெஞ்சில் இருக்கிற மரபு, எனக்கும் அந்த மலை பிடிக்கும். ஆனால் அவர் சாவை விவரிக்கும் ஏடு மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பன்னிருவரில் பெரும்பாலோரின் சாவுக்கு இந்த மாதிரிப் பிந்தைய மரபுகள்தான் உள்ளன. அதோடு, உயிரைக் கொடுத்தவர் மனமார நம்பினார் என்பதுதான் அதிலிருந்து தெரியும். நம்பியது சரியா என்பது தனிக் கேள்வி.

இந்த இடம் வரை எழுதிவிட்டு, வியாழக்கிழமை என்னோடு வேலை பார்த்த தமிழாசிரியர் வீட்டுக்குப் போனேன். சைவர், தேவாரம் பாடுகிறவர். நான் எழுதியதைப் படித்துவிட்டு, “டீச்சர், இதே அளவுகோலை வண்டிப்பாளையம் பக்கமும் கொஞ்சம் கொண்டுவாங்க” என்றார். எனக்கு உடனே புரிந்தது. சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பிய திருநாவுக்கரசரைக் கல்லில் கட்டிக் கடலில் தள்ளினார்கள், கல்லே தெப்பமாக மிதந்து அவரைக் கரை சேர்த்தது. சேர்ந்த இடம் கரையேறவிட்ட குப்பம். என் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகும் தூரம். சித்திரையில் அங்கே விழா நடக்கும், சின்ன வயதில் நானும் வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

“அது சேக்கிழார் சொன்னதுதானே சார்? ஐந்நூறு வருஷம் கழிச்சு” என்றேன். அவர் எழுந்து போய் ஐந்தாம் திருமுறையை எடுத்துவந்தார். திருநீலக்குடிப் பதிகத்தில் விரலை வைத்துக் காட்டினார். “கல்லினோடு எனைப் பூட்டி அமண்கையர் ஒல்லை நீர்புக நூக்க” என்று தொடங்கி, “நல்ல நாமம் நவிற்றி உய்ந்தேன் அன்றே” என்று முடிகிறது. அப்பரே, தன் வாயால், ‘எனை’, ‘உய்ந்தேன்’ என்று. அந்த ‘எனை’ மேல் அவர் விரல் அப்படியே நின்றது. எனக்குப் பவுலின் ‘எனக்கும் தோன்றினார்’ ஞாபகம் வந்தது. இருவரும் எதிர்முகாமிலிருந்து வந்தவர்கள், இருவரும் தன்மையில் பேசுகிறவர்கள்.

இரண்டு மதத்துப் புதுமைகளும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும் என்பது ஹியூமின் இன்னொரு வாதம். அதை நான் ஏற்கவில்லை. கடலில் ஒருவர் பிழைத்ததால் எருசலேமில் ஒரு கல்லறை நிரம்பிவிடாது. ஆனால் என் தரப்புக்கு ஓர் அளவு, அடுத்தவர் தரப்புக்கு வேறு அளவு என்று வைத்துக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது. அப்பர் பாட்டை அளந்தால் என்ன கிடைக்கிறது? கல்லோடு கட்டி நீரில் தள்ளப்பட்டார், இறைவன் பெயரைச் சொல்லிப் பிழைத்தார் என்று பட்டவரே சொல்கிறார். அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். கல் தெப்பமாக மிதந்த விவரம் அந்த வரிகளில் இல்லை, அது பின்னால் விரிந்தது. கரையில் நின்று பார்த்த இரண்டாவது ஆள் யாரும் எழுதிவைக்கவில்லை. தள்ளியவர்கள் என்ன சொன்னார்கள் என்பதும் பாட்டிலிருந்து தெரியாது.

அதே கத்தியை உயிர்ப்பின் மேலும் வைத்தால் மீனும் காயமும் பின்னுக்குப் போய், ‘தோன்றினார்’ மட்டும் முன்னால் நிற்கும். அதைச் சொல்கிறவர் ஒருவரில்லை. கேபா, பன்னிருவர், யாக்கோபு, பவுல் என்று பல பேர், வெவ்வேறு இடத்தில். அவர்களில் ஒருவர் பகைவர், ஒருவர் நம்பாத உறவினர். என் கணக்கில் வித்தியாசம் இந்த எண்ணிக்கையில்தான். பக்தியிலோ நேர்மையிலோ அப்பர் ஒரு இம்மிகூடக் குறைந்தவரில்லை.

இந்தக் கணக்கு முழுவதும் ஒத்துவந்தாலும், அவர்கள் கண்டதாக உறுதியாக நம்பினார்கள், அந்த நம்பிக்கை மிகச் சீக்கிரத்திலேயே இருந்தது என்பது வரைதான் வரலாறு கொண்டுவந்து விடும். துக்கத்தில் இறந்தவரைக் கண்டதாகச் சொல்கிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு, இதுவும் அப்படி ஏன் இருக்கக் கூடாது என்று அந்தப் பெண்ணின் தோழிகள் கேட்கலாம். கூட்டமாக ஒரே காட்சியைக் காண்பதும், துக்கமே இல்லாத பகைவன் காண்பதும் அந்த விளக்கத்துக்குள் சுலபமாக அடங்காது என்பேன். அதற்குமேல் போய் ‘ஆம், எழுந்தார்’ என்று நான் சொல்வது, கடவுள் உண்டு, அவர் தம்முடையவரைக் கல்லறையில் விட்டுவிட மாட்டார் என்று ஏற்கெனவே நம்புவதால். இதைப் பிள்ளைகளிடம் மறைக்க மாட்டேன். எங்கே வரலாறு நிற்கிறது, எங்கே என் விசுவாசம் தொடங்குகிறது என்று கோடு போட்டே காட்டப் போகிறேன். நான் நம்புகிறேன் என்பதையும் வாய்விட்டுச் சொல்வேன்.

ஆக, நான்காவது வழிதான். ஐந்து வாரம் எடுக்கலாம் என்றிருக்கிறேன். முதல் வாரம் பவுலின் பட்டியல் மட்டும். அடுத்தது ஹியூம், குறைக்காமல், முழு பலத்தோடு. அப்புறம் அப்பர். நான்காவது வாரம் கல்லறைக்குப் போன பெண்கள். கடைசியாக வில்லியனூரும் லூர்தும், ஆதாரமாக இல்லாமல், நம் வீட்டு அனுபவங்களை எப்படிப் பேசுவது என்பதற்காக. இதைவிடச் சின்ன பிள்ளைகள், பத்து பன்னிரண்டு வயதில், கேட்டால் இவ்வளவும் வேண்டாம். பவுலின் அந்த ஐந்தாறு வரியைச் சேர்ந்து வாசித்து, யார் யார் பெயர் வருகிறது என்று எண்ணச் சொன்னால் போதும்.

நேற்று அந்தப் பெண்ணுக்கு போன் போட்டு, இரண்டாவது வாரம் ஹியூம் பக்கம் நின்று நீதான் வாதாட வேண்டும் என்றேன். “நானா டீச்சர்? எதிர்க்கட்சியா?” என்றாள். கலாத்தியர் முதல் அதிகாரத்தை அவள் தம்பி வாசிக்கிறான். தமிழாசிரியரையும் மூன்றாவது சனிக்கிழமைக்கு அழைத்திருக்கிறேன், நீலக்குடிப் பாட்டை அவரே பாடட்டும் என்று. சுருதிப்பெட்டி நம்மிடம் இருக்கிறதா என்று கேட்டார். பாடகர் குழுவினுடையது இருக்கிறது சார், வாங்க என்றேன்.